எல் விழாத பத்து நாள்

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் (மூன்றாவது நாளாக இதையே எழுதுகிறேன்).

செய்ய வேண்டியவை:
– வெள்ளிக்கிழமை மதுரைக்காரர்களுக்கு டெமோ. பதினோரு மணி.
– இரண்டு லேப்பிலும் பெட்டி ஒழுங்காக ஓடுகிறதா, கேட்க.
– கம்பைலர் வார்னிங் பட்டியல். (பிறகு.)
– புளி.

சண்முகையா அண்ணாச்சி காலையிலேயே போன். அவர் முதலாளி, நான் அவருடைய ஒரே ப்ரோகிராமர். பெரிய கம்பெனிதான்! ரத்தப் பரிசோதனை லேப்களுக்கான சாஃப்ட்வேர், அவரே இருபது வருடத்துக்கு முன்னால் விண்டோஸில் எழுதியது. ஏழு மாதமாக அதை லினக்ஸுக்கு மாற்றுகிறேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டிப் பெட்டி. அதில் ஓடினால், மூச்சு வாங்கும் பழைய கம்ப்யூட்டர்களைத் தூக்கிப் போடலாம். மதுரைக்காரர்களிடம் நாற்பது லேப் இருக்கிறது. பெட்டி பிடித்துவிட்டால் திங்கட்கிழமை கையெழுத்து.

"கோமதி, ரெண்டு லேப்புலயும் இருபத்தேழாந்தேதியில இருந்து ஓடுது. ஒரு புகார் உண்டா? அதச் சொல்லித்தான் விக்கப் போறேன்."

புகார் இல்லை. உண்மைதான். சங்கரன்கோவில் லேப்பில் ஒரு பெட்டி, வாசுதேவநல்லூர் லேப்பில் ஒரு பெட்டி. இரண்டும் சத்தமில்லாமல் ஓடுகின்றன. எனக்கே கொஞ்சம் திமிர் வந்திருக்கிறது. இன்று மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கினேன்.

வார்னிங் விஷயம் மட்டும் உறுத்தல். குட்டிப் பெட்டிக்காக முதல் தடவை கம்பைல் செய்தபோது (எழுதியதை அதன் சிப்புக்குப் புரிகிறபடி மாற்றுவது) ஆயிரத்துச் சொச்சம் எச்சரிக்கை. திரை நிறைய மஞ்சள். பழைய ப்ரோகிராம் அப்படித்தான், கிழவர்கள் மாதிரி முனகிக்கொண்டே வேலை பார்க்கும். எச்சரிக்கையே காட்டாதே என்று ஒரு எழுத்துச் சேர்த்தேன். வாய் மூடியது. மதுரைக்காரர்கள் போன பிறகு உட்கார்ந்து படிக்க வேண்டும்.

புளி வாங்கவில்லை.


நவ. 5, புதன்

நடந்ததை நேரம் போட்டு வரிசையாக எழுதுகிறேன்.

9.40. செல்வி போன். சங்கரன்கோவில் லேப்பில் ரத்தம் எடுப்பவள், ரிப்போர்ட் கொடுப்பவள், எல்லாம் அவள்தான்.

"யக்கா, டாக்டர் என்னையப் போட்டு ஏசுதாரு. பிளேட்லெட் அறுபத்திரெண்டாயிரம், பக்கத்துல எல் போடல, ஒங்க லேப்ப இழுத்து மூடுங்கன்னு. நெசமாவே எல் இல்லக்கா. நம்பர் மட்டும் இருக்கு."

பிரிண்டர் மை என்றேன். சொல்லும்போதே தெரியும், மை ஒரு எழுத்தை மட்டும் விழுங்காது.

10.15. லேப்புக்கு நடந்தே போனேன். பத்துப் பதினைந்து பேர், பாதிப் பேர் காய்ச்சல். மழை தொடங்கினால் இப்படித்தான். நான் நின்ற அரை மணி நேரத்தில் ஜன்னலில் மூன்று பேர் கை நீட்டினார்கள். மூன்று பேரும் கேட்டது ஒன்றேதான்: "எச்சு எல்லு எதும் இருக்காம்மா?" இந்த ஊரில் ரிப்போர்ட்டை யாரும் படிப்பதில்லை. கூடுதல் என்றால் எச், குறைவு என்றால் எல். இரண்டும் இல்லையென்றால் சுகம். டாக்டரிடம்கூடப் போக மாட்டார்கள், காகிதத்தை நாலாக மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். செல்வியும் நம்பரைப் பார்ப்பதில்லை. ஒரு நாளைக்கு எண்பது பேர் என்றால் யார்தான் பார்ப்பார்கள்.

10.50. பெட்டியில் நானே போட்டுப் பார்த்தேன். சர்க்கரை 310. எச் விழுந்தது. பிளேட்லெட் 62,000 (ஒன்றரை லட்சத்துக்குக் கீழே போனாலே குறைவு). ஒன்றுமில்லை. 20,000 போட்டேன். ஒன்றுமில்லை. "உடனே டாக்டருக்குச் சொல்லவும்" என்று திரையில் சிவப்பாக வரும் பட்டியலும் காலி. அதே சாஃப்ட்வேர் என் லேப்டாப்பில், அதுவும் லினக்ஸ்தான், அழகாக எல் போடுகிறது.

வீட்டுக்கு வந்தேன். சாப்பிடவில்லை. பக்கத்துத் தெருத் தறிச் சத்தம் இன்று மண்டைக்குள்ளேயே ஓடியது.

3.30. கண்டுபிடித்தேன். ஒவ்வொரு அளவோடும் ஒரு சின்ன எண் ஒட்டியிருக்கிறது. கூடுதல் என்றால் 1, சரி என்றால் 0, குறைவு என்றால் மைனஸ் 1. அச்சடிக்கும்போது 'ஒன்றா?' என்று கேட்டு எச். 'சைபருக்குக் கீழா?' என்று கேட்டு எல். அண்ணாச்சி அந்த எண்ணை ஒற்றை எழுத்து வைக்கிற இடத்தில் வைத்திருக்கிறார். விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் என் லேப்டாப்பிலும் ஒரே வகைச் சிப், அங்கே அந்த இடத்தில் மைனஸ் நிற்கும். குட்டிப் பெட்டியின் சிப் வேறு வகை. அதற்குக் கம்பைல் செய்யும்போது அந்த இடத்தில் மைனஸே கிடையாது. மைனஸ் 1 வைத்தால் 255 ஆகிவிடும். 255 எந்தக் காலத்தில் சைபருக்குக் கீழே போகும்? எல் விழவே விழாது. எச் மட்டும் ஜம்மென்று விழும்.

லேப்டாப்பில் எல்லாச் சோதனையும் செய்தேன், எல் உட்பட. பெட்டியில் மூன்றே மூன்று ரிப்போர்ட் போட்டுப் பார்த்தேன், மூன்றும் சர்க்கரை, மூன்றும் கூடுதல். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று எழுந்துவிட்டேன்.

3.50. வாயை அடைத்த அந்த எழுத்தை எடுத்துவிட்டு மறுபடி கம்பைல். மஞ்சள் மஞ்சளாக ஓடியது. அதற்குள் அந்த வரி. அந்தக் கோப்பு, அந்த இடம்: இந்த ஒப்பீடு எப்போதும் பொய்யாகவே இருக்கும்.

மூன்று வாரத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்கிறேன்.

4.10. திருத்தம் ஒரு வரிகூட இல்லை. கம்பைலருக்கு ஒரு சொல் கூடுதலாகச் சொன்னால் போதும், மைனஸ் நிற்கும். இரண்டு லேப்புக்கும் இன்டர்நெட் வழியாகவே புதியதை ஏற்றினேன். செல்வி போட்டுப் பார்த்தாள். "விழுதுக்கா, எல் விழுது." குரலில் சந்தோஷம்.

எனக்கு இல்லை. இருபத்தேழிலிருந்து இன்று வரை பத்து நாள். காய்ச்சல் காலம். பத்து நாளாக இரண்டு லேப்பிலும் ஒருவருக்குக்கூடப் பிளேட்லெட் குறையவில்லை.


நவ. 6, வியாழன்

வெயில். துணி காய்ந்தது.

இட்லித் தட்டை வைத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் சொன்னேன். தாலுகா ஆபீஸில் பதினெட்டு வருஷம், எதைச் சொன்னாலும் அங்கே கொண்டுபோய்த்தான் கட்டுவார். கேட்டு முடித்து, கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "நாங்க ஆட்சேபணை உண்டான்னு நோட்டீஸ் ஒட்டுதோம். நீ ஒட்டுன நோட்டீஸக் கிழிச்சிட்டு, யாரும் ஆட்சேபிக்கலன்னு எழுதிட்ட." பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரி, இப்பம் என்ன செய்யப் போற?" என்றார். முதலில் சொன்னதற்கு அவர்மேல் கோபம் வந்தது. சரியாகச் சொன்னதால் வந்த கோபம்.

8.45. சண்முகையா அண்ணாச்சிக்கு (இனி ச.அ.) போன் செய்து எல்லாம் சொன்னேன்.

"சரி பண்ணியாச்சுல்லா?"

பண்ணியாச்சு. ஆனால் அந்தப் பத்து நாள் ரிப்போர்ட், அண்ணாச்சி?

"நம்பர் சரியாத்தான அடிச்சிருக்கு? டாக்டர் பாத்துக்கிடுவாரு. சவத்த விடு. சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த கதையா ஆக்கிராத."

அவர் கெட்டவர் இல்லை. இதை எழுதி வைக்க வேண்டும். என் பிரசவத்தின்போது ஆறு மாதம் வேலை பார்க்காமலே சம்பளம் போட்டவர். பயந்திருக்கிறார். நானும்தான்.

9.30. லேப். கதவைச் சாத்திக்கொண்டு செல்வியும் நானும் பட்டியல் எடுத்தோம். 27 முதல் 5 வரை, பிளேட்லெட் ரொம்பக் குறைவு, எல் விழாதவை: பதினான்கு. செல்வி ஒவ்வொரு பெயரையும் படித்தாள். ஐந்தாவது பெயரில் அழ ஆரம்பித்தாள். "நாந்தானக்கா ஜன்னல்ல நின்னு ஒண்ணுமில்ல, போங்கன்னு சொன்னேன். இந்த ஆளு மூஞ்சி ஞாபகம் இருக்கு."

"ஏட்டி, நீ சொன்னது நான் எழுதுனத. அழாம நம்பரச் சொல்லு."

போன் போட்டோம். அவள் ஏழு, நான் ஏழு.

1. குணமாகிவிட்டது. சண்டை போட்டார்.
2. ஆஸ்பத்திரியில் இருந்து நேற்றுத்தான் வீட்டுக்கு.
3. குணம்.
4. இன்னும் காய்ச்சல். இன்றே டாக்டரிடம் போகச் சொன்னோம். மத்தியானம் திரும்ப அழைத்தார்கள், சேர்த்துவிட்டார்களாம். நேரத்துக்கு வந்தீர்கள் என்றாராம் டாக்டர்.
5. குணம். (அழவைத்தவர். செல்வி போனை வைத்துவிட்டு மறுபடி அழுதாள்.)
6. தவறான நம்பர். கரிவலம்வந்தநல்லூர் ஆள். செல்வியின் சித்தப்பா பைக்கில் போய்ப் பார்த்தார். நன்றாக இருக்கிறார், வயலில் நின்றாராம்.
7–13. குணம் அல்லது ஆஸ்பத்திரிக்கு ஏற்கெனவே போயாயிற்று.
14. வெள்ளத்துரை, 45. நவ. 1, பிளேட்லெட் 41,000. குருவிகுளம் பக்கம் ஒரு கிராமம். போன் அணைத்து வைத்திருக்கிறது. பத்து தடவை. பதினைந்து தடவை. அணைத்தே.

3.00. வாசுதேவநல்லூர் லேப் முதலாளிக்கு போன். உங்கள் பட்டியலையும் எடுத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டும் என்றேன். இன்டர்நெட் வழியாகச் சாஃப்ட்வேரை ஏற்ற மட்டும்தான் என்னால் முடியும். பட்டியல் அவருடைய பாஸ்வேர்டுக்குள் இருக்கிறது, அவர் திறந்து கொடுத்தால்தான் உண்டு.

"ஏம்மா, எங்க லேப்புல தப்புத்தப்பாப் பாக்காவன்னு ஊரே பேசணுமா? எதுனாலும் ஒங்க அண்ணாச்சிய எங்கிட்டப் பேசச் சொல்லு."

வைத்துவிட்டார்.

வெள்ளத்துரை. அணைத்தே.


நவ. 7, வெள்ளி

டெமோ பதினோரு மணிக்கு. காலை ஏழரைக்கு நான் குருவிகுளம் பஸ்ஸில் இருந்தேன்.

ச.அ.வுக்கு மெசேஜ் மட்டும்: டெமோவை நீங்களே செய்யுங்கள், எல்லாம் தயார் நிலையில் இருக்கிறது. ஆறு தடவை அழைத்தார். ஏழாவது தடவை எடுத்தேன். "ஏன்மா, என்னைய நடுரோட்டுல விட்டுட்டியே" என்றார். அப்படித்தான் விட்டிருக்கிறேன்.

குருவிகுளத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ. கடைசி ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. இரண்டு பக்கமும் மக்காச்சோளம், மழை பிடித்துவிட்டதால் பச்சை. கூப்பிடு தூரத்தில் ஆள் இல்லை. செருப்பில் கரிசல் மண் ஒட்டி ஒட்டி ஒவ்வொன்றும் ஒரு கிலோ.

வீடு பூட்டு. எதிர்வீட்டுப் பெண் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"ஆட்டுக்காரவுகளா? வயல்ல ஆட்டுக் கெட போடப் போன எடத்துல காச்சலு. லேப்புல ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாவன்னு நாலு ராத்திரி ஆட்டோடயே கெடந்தாவ. புதங்கெழம பல்லுல ரத்தம் வந்து, திருநவேலி பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கு."

இப்போது எப்படி இருக்கிறார்?

"தெரியல்லியே. போனு இங்கன கெடக்கு, சார்ஜ் இல்லாம." பூட்டிக் கிடந்த வீட்டைக் காட்டினாள். பிறகு, "நீங்க யாரு, ஒறவா?"

லேப்பில் இருந்து வருகிறேன் என்றேன். அது பாதி உண்மை. தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது.

3.30. ச.அ. என் வீட்டுக்கே வந்துவிட்டார். மதுரைக்காரர்களுக்குப் பெட்டி பிடித்துவிட்டதாம். சிரிப்பு இல்லாமல் சொன்னார். காபியைத் தொடவில்லை.

"அந்த ஆட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்ன உண்டோ நான் பாக்குதேன். நாளைக்கே போயிட்டு வா. ஆனா வாசுதேவநல்லூர மட்டும் திங்கக்கெழம வரைக்கும் விட்டுரு. அந்த லேப் மொதலாளி மதுரைக்காரவுகளுக்குச் சொந்தம். இன்னைக்குச் சத்தம் போட்டா கையெழுத்து நடக்காது. மூணு நாளு. நான் உங்கிட்ட எதும் கேட்டதில்ல."

கேட்டதில்லைதான்.

சரி என்று சொல்லிவிட்டேன்.

எழுதிப் பார்த்தால் இன்னும் அசிங்கமாக இருக்கிறது. ஒரு ஊருக்குச் சேற்றில் நடந்து போய்த் தேடினேன், இன்னொரு ஊருக்குத் திங்கட்கிழமை என்று சொல்லிவிட்டேன். சங்கரன்கோவிலில் பதினான்கு பேர் என்றால் அங்கே எத்தனை பேர் என்று எண்ணக்கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். கணக்கு தானாக ஓடுகிறது.

பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.


நவ. 8, சனி

10.50. திருநெல்வேலி. பெரியாஸ்பத்திரி, காய்ச்சல் வார்டு. பெயர் சொல்லி விசாரித்தபோது ஒரு நர்ஸம்மா நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கம், இரண்டு பக்கம். மூன்றாவது பக்கத்தில் விரலை வைத்து, "உயிரோட இருக்காரு, உள்ள போங்க" என்றார். என் முகத்தைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னாரோ என்னவோ.

வெள்ளத்துரை தூங்கிக்கொண்டிருந்தார். மெலிந்த ஆள், கை நிறையப் பிளாஸ்டர். ஐந்தாம் தேதி பதினோராயிரத்துக்கு இறங்கியிருந்ததாம். இரண்டு தடவை பிளேட்லெட் ஏற்றிய பிறகு நேற்று ஏறியிருக்கிறது, முப்பத்தெட்டாயிரம். மனைவி முத்துலட்சுமி, கட்டிலுக்குப் பக்கத்தில் பெஞ்சில். சேலை மூன்று நாள் சேலை.

லேப்பில் இருந்து வருகிறேன் என்று தொடங்கினேன்.

"இம்புட்டுத் தூரமா? பாக்கவா வந்தீய?" எழுந்து இடம் விட்டாள். கூடைக்குள் கைவிட்டு ஒரு ஆரஞ்சுப் பழம் எடுத்து நீட்டினாள். "நல்ல மனசு ஒங்களுக்கு. எங்க சொந்தக்காரங்களே எட்டிப் பாக்கல."

பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. பெஞ்சில் வைத்துவிட்டுச் சொன்னேன். ஒன்றுமில்லை என்று லேப்பில் சொன்னது தப்பு. குறைவாக இருந்தது, எல் என்று விழுந்திருக்க வேண்டும், விழவில்லை. அந்தப் பெண்மேல் தப்பில்லை, மெஷின்மேலும் தப்பில்லை. அதில் ஓடுவதை மாற்றி எழுதியது நான். எச்சரிக்கை வந்தது, நான் பார்க்கவில்லை.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். பக்கத்துக் கட்டிலில் யாரோ சின்னப் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தக் காயிதத்த மடிச்சி சட்டப்பையில வச்சிக்கிட்டு, சொகமாத்தான் இருக்கேன்னு போனாவ" என்றாள். "நான் வேண்டாம்னேன். லேப்புக்காரவுகளே சொல்லிட்டாவ, நீ என்ன பெரிய டாக்டரான்னு கேட்டாவ."

அவர் போர்வையை இழுத்து விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இவுக மட்டுந்தானா? இன்னும் ஆளு உண்டா?"

இவரோடு பதினான்கு பேர், மற்ற எல்லாருக்கும் சொல்லிவிட்டோம், யாருக்கும் ஆபத்தில்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "வாசுதேவநல்லூர்ல இன்னொரு லேப் இருக்கு."

"அங்கன எத்தன பேரு?"

"தெரியாது. பட்டியல் எடுக்கல."

"ஏன் எடுக்கல?"

திங்கட்கிழமை, கையெழுத்து, மதுரை. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொல்லக்கூடிய காரணம் ஒன்றுகூட இல்லை.

முத்துலட்சுமி என் கைப்பையை எடுத்தாள். என் தோளில் மாட்டிவிட்டாள்.

"பொறவு இங்கன நின்னு என்ன செய்யுதீய? கெளம்புங்க."

12.20. பஸ். ச.அ.வுக்கு மெசேஜ்: வாசுதேவநல்லூர் போகிறேன், திங்கள் வரை பொறுக்க முடியாது, மன்னியுங்கள். அழைத்தார். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். பிறகு ஒரு வரி வந்தது: நம்ம பொழப்பு போச்சு.

போகட்டும் என்று எழுத ஆசை. அவ்வளவு தைரியம் இல்லை. வீட்டுக் கடன், இவர் சம்பளம், எல்லாம் ஓடுகிறது மண்டைக்குள். பஸ்ஸும் ஓடுகிறது.

4.05. வாசுதேவநல்லூர். மலைப் பக்கம் கருத்துக் கிடக்கிறது. லேப்பில் கூட்டம், பெஞ்சு நிறைய ஆள். முதலாளி என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போகப் பார்த்தார்.

"அண்ணாச்சி சொல்லலியா? திங்கக்கெழம வா."

பட்டியலைத் திறந்து கொடுங்கள் என்றேன். மாட்டேன் என்றார். மறுபடி கேட்டேன். வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

நான் மேடை ஏறிப் பேசினவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துப் பாடச் சொன்னாலே காய்ச்சல் வந்துவிடும். பெஞ்சில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினேன். சத்தமாகச் சொன்னேன்: "போன மாசம் இருபத்தேழுக்கு அப்புறம் இங்கன ரத்தம் குடுத்து, ஒண்ணுமில்லன்னு கேட்டுட்டுப் போனவுக யாராச்சும் ஒங்க வீட்ல இருந்தா, அந்தக் காயிதத்த இப்பமே கொண்டாங்க. அதுல தப்பு இருக்கு. தப்பு என்னோடது."

ஒரு பெரியவர் எழுந்து ஜன்னலுக்கு வந்தார். "எம் மருமவ காயிதம் வீட்ல கெடக்கு. ஒண்ணுமில்லன்னாங்க. அவ இன்னும் எந்திரிக்கல." அவருக்குப் பின்னால் இன்னொருவர். முதலாளி என்னைப் பார்த்த பார்வையை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டு, பாஸ்வேர்டை அடித்தார்.

4.40. இருபத்திரண்டு பேர். வேறு தாள் இல்லை, இந்த நோட்டின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொண்டேன். பெரியவரின் மருமகள் ஒன்பதாவது. இருபத்தொன்பதாயிரம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஆட்டோ அனுப்பியாயிற்று.

முதல் நம்பர். ரிங் போகிறது. எடுக்கவில்லை.

மறுபடி.